மேலே கொப்புளம், அடியில் தொட்டி

மாடி வீட்டுச் சுவரில் ஈரம் கசிகிறது. சுண்ணாம்பு அடிக்கிறீர்கள். சில நாட்களில் ஈரம் மீண்டும் தலைகாட்டுகிறது. பழுது சுவரில் இல்லை. மேலே உள்ள தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. பெண்களின் வெளிப் பிறப்புறுப்பில் அரிதாகத் தோன்றும் நிணநாளக் கட்டியின் வரலாறும் இத்தகையதே. இதைப் பேசக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கூச்சம் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடச் செய்யும் என்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது.

நம் உடலில் இரத்தக் குழாய்களோடு நிணநீர் நாளங்கள் என்ற மற்றொரு குழாய்த் தொகுதியும் உண்டு. 1622ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி, சற்று முன் உணவு உண்ட நாய் ஒன்றின் வயிற்றைத் திறந்தபோது, குடலையொட்டி வெண்ணிற இழைகளைக் கண்டார். நரம்புகள் என்றே முதலில் எண்ணினார். ஒன்றைக் கீறியதும் பால்போன்ற நீர்மம் வெளிப்பட்டது. அது மார்புக் குழாய் வழியாக இரத்தத்தில் கலப்பதை 1651இல் பிரான்சின் ழான் பெக்கே விளக்கினார். அவருடைய அதே நூலில் காற்றின் அழுத்தம் பற்றிய சோதனைகளும் இருப்பது, என்போன்ற இயற்பியல் ஆசிரியருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1653இல் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தொலின் இந்நாளங்களுக்கு நிணநீரின் பெயரைச் சூட்டினார்.

இந்நாளங்கள் பிறவியிலேயே பிழையாக அமைந்தால் கட்டி தோன்றலாம். 1877இல் ஜெர்மானியரான வெக்னர் இக்கட்டிகளை மூன்று வகையாகப் பிரித்தார். அவற்றுள் தோலில் தோன்றும் எளிய வகை, தவளை முட்டைத் திரள் போன்ற சிறு கொப்புளங்களாகக் காணப்படும். உடைந்தால் தெளிந்த நீர் கசியும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றுக்குப் பல ஆண்டுகள் கழித்தும், நாளங்கள் அடைபட்டு இதே கொப்புளங்கள் வெளிப்படலாம்.

பார்வைக்கு இவை பால்வினை நோயால் வரும் மருக்களைப் போலிருப்பதால் தவறாகக் கணிக்கப்படுவதுண்டு. விளைவு என்ன? வேண்டாத மருந்து, அதைவிடக் கொடியது, குற்றமற்ற பெண்மீது விழும் சந்தேகம். ஒரு சிறு திசுத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் விரிந்த நிணநாளங்கள் உண்மையைச் சொல்லிவிடும். நிணநாளச் சுவரை இனங்காட்டும் டி2-40 என்ற சாயச் சோதனையும் இன்று துணை நிற்கிறது.

கொப்புளங்களை வெட்டி எடுத்தாலும் அவை ஏன் மீண்டும் முளைக்கின்றன? 1976இல் இங்கிலாந்தின் விம்ஸ்டர் விடை தந்தார். தோலுக்கு அடியில், கொழுப்புத் திசுவின் ஆழத்தில், தசைச் சுவருள்ள நிணநீர்த் தொட்டிகள் இருக்கின்றன. இவை பொதுவான நிணநீர் வலையோடு இணையாதவை. தசை சுருங்கும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. நீர்மம் மேலேறித் தோலைக் கொப்புளமாக உப்பச் செய்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு நீர்மம் பாயும் என்று வகுப்பில் சொல்கிறோமே, அதே விதிதான்!

எனவே, பிறவியில் அமைந்த கட்டியாயின், எம்.ஆர்.ஐ. படத்தால் ஆழத்தை அறிந்து, தோலோடு அடித்தொட்டிகளையும் சேர்த்து அகற்றுவதே அறுவை மருத்துவத்தின் நோக்கம். கரியமில வாயு லேசர் மேற்பரப்புக் கொப்புளங்களைச் சுட்டு மூடிக் கசிவைக் குறைக்கும். எம்முறையிலும் நோய் திரும்பக்கூடும். ஆகவே தொடர் கண்காணிப்பு தேவை.

இக்கட்டி புற்றுநோய் அன்று, தொற்றுவதும் அன்று. உங்கள் வீட்டுப் பெண் ஒருவர் இத்தகைய கசிவைத் தயங்கித் தயங்கிச் சொன்னால், கேள்விக் கணைகளை அவர்மீது தொடுக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கசிவுக்குக் காரணம் தோலுக்கு அடியில் இருக்கும் தொட்டியாக இருக்கலாம்.