வழக்கின் தொகையும் நியாயஸ்தலத்தின் எல்லையும்

வணிகத்தில் பிணக்கு நேர்ந்தவிடத்து இருதிறத்தார்க்கும் பொதுவான ஒருவரை மத்தியஸ்தராகக் கொண்டு தீர்த்துக்கொள்ளுதல் நம்மவர் தொன்றுதொட்டுக் கைக்கொண்ட முறையாகும். ஆயினும் மத்தியஸ்தர் சொல் தானே பணத்தைக் கொணராது. தோற்றவர் கொடேன் என்பாராயின் அத்தீர்ப்பை நிறைவேற்றுதற்கும், தீர்ப்பிற் குற்றமுளதாயின் அதனை நீக்குதற்கும் அரசாங்க நியாயஸ்தலமே வேண்டப்படும். எந்த நியாயஸ்தலம் என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் விடையாய் நிற்பது வழக்கின் தொகையே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

கும்பினியார் ஆட்சியில், வங்காளத்தில் 1793-ஆம் ஆண்டின் 16-ஆம் ரெகுலேஷன், 200 ரூபாய்க்கு மேற்படாத கணக்கு, கடன், கூட்டு வியாபார வழக்குகளை இருதிறத்தார் சம்மதத்தின்மேல் மத்தியஸ்தத்துக்கு விட இடந்தந்தது. சென்னை இராஜதானியில், பின்னர்க் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-ஆம் ஆண்டில் பல ரெகுலேஷன்கள் பிறந்தன. அவற்றுள் 4-ஆவதன்படி கிராம முன்சீபு தம் அதிகாரத்தால் 10 ஆர்க்காட்டு ரூபாய் வரையிலான வழக்கையே தீர்க்கலாம். இருதிறத்தாரும் உடன்பட்டு அவரையே மத்தியஸ்தராகக் கொள்வராயின் 100 ரூபாய் வரையில் தீர்க்கலாம். மனிதரும் ஒருவரே, திண்ணையும் ஒன்றே. உடன்பாடு சேர்ந்தவுடன் அவர் எல்லை பத்து மடங்காயிற்று.

1859-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டமும், அதன் வழிவந்த 1908-ஆம் ஆண்டின் சட்டமும், தனியார் பெற்ற மத்தியஸ்தத் தீர்ப்பை அவ்விஷயத்தில் அதிகாரமுள்ள நியாயஸ்தலத்திற் பதிவு செய்யலாம் என்றன. இடையில் வந்த 1899-ஆம் ஆண்டின் சட்டம் சென்னை முதலிய இராஜதானி நகரங்களையே முதன்மையாகத் தழுவியது. இவற்றை ஒருங்குபடுத்திய 1940-ஆம் ஆண்டின் சட்டமோ, அதே விஷயம் தாவாவாக வந்திருப்பின் எந்தக் கோர்ட்டு விசாரிக்குமோ அதுவே மத்தியஸ்தத்துக்கும் கோர்ட்டு என்றது. ஆகவே தொகை சிறிதாயின் கீழ்க்கோர்ட்டும், பெரிதாயின் மேற்கோர்ட்டும் வாயிலாயின.

நிற்க. 1996-ஆம் ஆண்டின் சட்டம் இப்படிமுறையை மாற்றிற்று. ஜில்லாவின் தலைமைச் சிவில் நியாயஸ்தலமே அதிகாரமுடையது. அதனிற் றாழ்ந்தவை விலக்கப்பட்டன. தொகையினும் தகுதியே பெரிதெனக் கொள்ளப்பட்டது. எனினும் 2015-ஆம் ஆண்டின் வணிக நியாயஸ்தலச் சட்டத்தால் தொகை மீண்டும் தலையெடுத்தது. ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளை அது வணிக நியாயஸ்தலங்களுக்கு உரியவாக்கிற்று. அவ்வளவு 2018-ஆம் ஆண்டில் 3 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. சிறு வணிகரும் அதன் எல்லைக்குட்பட்டனர்.

இவ்விரு சட்டங்களும் முரணுமிடத்து எது வலிது? ஒரிஸ்ஸாவில் ஜில்லா நீதிபதிக்குக் கீழ்ப்பட்ட சிவில் நீதிபதிகளே வணிக நியாயஸ்தலமாக நியமிக்கப்பட்டமையின் இவ்வினா எழுந்தது. வணிக நியாயஸ்தலச் சட்டமே மேம்படும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

தொகையைக் கணிக்குமாறும் அறியற்பாலது. மத்தியஸ்தத்தில் வாதியின் கோரிக்கையோடு பிரதிவாதியின் எதிர்க்கோரிக்கையும் கூட்டப்படும். சரக்கு விற்றவர் 2,40,000 ரூபாய் கேட்க, வாங்கியவர் சரக்கின் பழுதுக்கென 90,000 ரூபாய் எதிர்கேட்பாராயின், மொத்தம் 3,30,000 ஆகின்றது. தனித்தனியே எல்லைக்குட்படாத இரண்டும் கூடி வணிக நியாயஸ்தலத்தின் வாயிலை அடைகின்றன.

இது வெறுங்கணக்கன்று. தீர்ப்பை நீக்கக் கோருவோர் அதனைப் பெற்ற நாள் முதல் மூன்று மாதத்துக்குள் மனுச்செய்தல் வேண்டும்; தக்க காரணங் காட்டினால் 30 நாள் கூடும்; அதற்குமேல் இல்லை. நன்னம்பிக்கையோடும் முயற்சியோடும் தவறான கோர்ட்டில் வழக்காடிய காலத்தைச் சட்டம் கழித்துக்கொடுக்குமாயினும், அவ்விரண்டையும் மெய்ப்பிக்கும் பாரம் மனுதாரர் தலைமேலதே. மெய்ப்பிக்க இயலாதார் நியாயம் தம்பக்கம் இருந்தும் இழப்பர்.

மன்றோவின் காலத்தில் உடன்பாடு எல்லையைப் பெருக்கிற்று. இக்காலத்தில் உடன்பாட்டால் மத்தியஸ்தரைப் பெறலாமேயன்றி, இல்லாத அதிகாரத்தை ஒரு கோர்ட்டுக்கு அளித்தல் இயலாது. ஆதலின் நம் சகோதரர்கள் ஒப்பந்தம் எழுதுங்கால் மத்தியஸ்தரைக் குறிப்பதோடமையாது, பிணக்கு நேருங்கால் இருபுறத்துத் தொகையையுங் கூட்டிப் பார்த்து, உரிய வாயிலை உரிய நாளில் அணுகுவாராக. பொருளீட்டும் அறிவுடையார்க்கு அதனைக் காக்கும் அறிவும் வேண்டுமன்றோ?