ஆலிவர் ஜோன்ஸ்

ஆலிவர் தியோஃபிலஸ் ஜோன்ஸ் (பிறப்பு: 11 செப்டம்பர் 1934, மான்ட்ரியல்) கனடாவின் முன்னணி ஜாஸ் பியானோ கலைஞர்களுள் ஒருவர். தேவாலயம், இரவு விடுதி, கரீபியத் தீவின் மேடை, பல்கலைக்கழக வகுப்பறை என்று வாசிக்காத இடமில்லை. ஆனாலும் ஜாஸ் உலகம் அவர் பெயரைக் கேட்கத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. இளம் மேதைகளைக் கொண்டாடியே பழகிய ஓர் இசை மரபில் இது அபூர்வம்.

பிறந்த பேட்டை

பெற்றோர் பார்படோஸ் தீவிலிருந்து குடியேறியவர்கள். ஆலிவர் வளர்ந்தது நகரின் தென்மேற்கே, இன்று லிட்டில் பர்கண்டி என வழங்கும் பகுதியில். வின்சர் ரயில் நிலையம் அங்கிருந்து தூரமில்லை. அன்றைய ரயில் கம்பெனிகள் கறுப்பின ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் கொடுத்தன: படுக்கை வசதிப் பெட்டிகளில் விரிப்பு போட்டு, பயணிகளின் சாமான் தூக்கி, அவர்களுடைய ஷூவுக்குப் பாலிஷ் போடும் போர்ட்டர் வேலை. வெள்ளையரின் தேவாலயங்களில் தங்களுக்கு மரியாதை இல்லை என்று கண்ட இந்தப் போர்ட்டர்களும் அவர்களது குடும்பத்தாரும் 1907இல் தமக்கென ஒரு சபையைத் தொடங்கினார்கள். அதுவே இன்றைய யூனியன் யுனைடெட் தேவாலயம்.

அதே பேட்டையில்தான் ஜாஸ் விடுதிகளும் இருந்தன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. மான்ட்ரியலில் குடிக்கத் தடையில்லை. எல்லை தாண்டிக் கூட்டம் வந்தது, அதன் பின்னாலேயே இசைக்காரர்களும் வந்தார்கள். ஜமைக்காவிலிருந்து வந்து ரயில் போர்ட்டராக உழைத்த ரூஃபஸ் ராக்ஹெட் 1928இல் திறந்த 'ராக்ஹெட்ஸ் பாரடைஸ்' இவற்றுள் புகழ்பெற்றது. ஆராதனையும் கேளிக்கையும் சில தெருக்களுக்குள் அடங்கிய ஊர் அது. சபையில் வாசித்த பிள்ளைகளே பின்னாளில் விடுதிகளிலும் வாசித்தார்கள். அதை யாரும் முரண்பாடாக நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆலிவர் ஐந்து வயதிலேயே யூனியன் தேவாலயத்தில் வாசித்தார். ஒன்பது வயதில் 'கஃபே செயின்ட் மிஷெல்' விடுதியில் வித்தை காட்டுவதுபோன்ற ஒரு பியானோ நிகழ்ச்சியை நடத்தினார்.

டெய்சி பீட்டர்சன் ஸ்வீனி

பக்கத்திலேயே இருந்தது பீட்டர்சன் குடும்பம். தந்தை டேனியல் பீட்டர்சன் கனடியன் பசிபிக் ரயில்வேயில் போர்ட்டர். பயணம் கிளம்புமுன் பிள்ளைகளுக்குப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பியதும் ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அந்த வீட்டில் விளைந்தவர்தான் உலகப் புகழ்பெற்ற ஆஸ்கர் பீட்டர்சன் (1925–2007). அவருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த அக்கா டெய்சி (1920–2017) பின்பு ஆலிவருக்கும் குருவானார். டெய்சி கற்பித்தது ஜாஸ் அல்ல, மேற்கத்திய செவ்வியல் இசை. விரல் பழக்கம், நோட்டு பார்த்து வாசிப்பது, தொடுகையின் சுத்தம் ஆகியவற்றில் அவர் கறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் திரையிசைக்காரர்களின் ஒரு தலைமுறைக்கு இட்ட அடித்தளத்தை மான்ட்ரியலில் இவர் இட்டார் எனலாம். ஆனால் டெய்சியின் பெயர் வெகுகாலம் தம்பியின் புகழுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

ஜோன்ஸின் வாசிப்பில் இரண்டு பள்ளிகளும் கேட்கும். வலக்கையின் வேகமும் தெளிவும் டெய்சி கொடுத்தவை. மற்றது சபை கொடுத்தது. ஆலயத்தில் பியானோ வாசிப்பவர் பாடுபவருக்குக் கட்டுப்பட்டவர். பாடுபவர் எந்தச் சுருதியில் எடுக்கிறாரோ அதை உடனே பிடிக்க வேண்டும். உருக்கத்தில் அவர் ஓர் அடியை நான்கு முறை திருப்பினால் கூடவே திரும்ப வேண்டும். சபை கைதட்டத் தொடங்கினால் தாளத்தை இறுக்க வேண்டும். இடக்கை தாளத்தின் முதல், மூன்றாம் அடிகளில் கீழ்ச் சுரத்தைத் தொட்டு, இரண்டிலும் நான்கிலும் நடுவே தாவி வந்து கார்டைப் பிடிக்கும் 'ஸ்ட்ரைட்' பாணி இருந்தால் டிரம்ஸ் இல்லாமலே கூட்டத்தை நடத்தலாம். பிற்காலத்தில் ஜோன்ஸ் தனியாக அமர்ந்து வாசித்தபோதும் மேடை நிறைந்திருந்ததற்கு இந்த இடக்கைதான் காரணம்.

போர்ட்டோ ரிக்கோ ஆண்டுகள்

1964 முதல் 1980 வரை, போர்ட்டோ ரிக்கோவைத் தளமாகக் கொண்டு, பாடகர் கென்னி ஹாமில்டனின் குழுவில் இசை இயக்குநராக இருந்தார். பாப், கலிப்ஸோ என்று கேட்பவர் விரும்பியதை வாசிக்கும் வேலை. வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்தப் பதினாறு ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அது சரியல்ல என்றே தோன்றுகிறது. பின்னாளில் அவர் எந்தப் பாடகருக்கும் பாட்டை முந்தாமல் கூடவே வாசிக்க முடிந்ததில் இந்த ஆண்டுகளின் பங்கு பெரிது.

அவர் ஊரில் இல்லாத காலத்தில் பழைய பேட்டை உருமாறியது. 1960களின் நகரச் சீரமைப்பிலும் பின்வந்த விரைவுச்சாலைப் பணியிலும் ஏராளமான வீடுகள் இடிந்தன; குடும்பங்கள் சிதறின.

இரண்டாம் தொடக்கம்

1980இல் திரும்பிய ஜோன்ஸைக் கன்ட்ராபாஸ் கலைஞர் சார்லி பிடில் ஜாஸுக்கு இழுத்துவந்தார். 'பிடில்ஸ்' விடுதியில் ஜோன்ஸ் நிரந்தரப் பியானோக்காரர் ஆனார். அங்கே கேட்டு மயங்கிய ஜிம் வெஸ்ட், 1983இல் 'ஜஸ்டின் டைம்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடே பிடில்ஸில் ஜோன்ஸ் வாசித்த நேரடிப் பதிவு. பிறந்த பேட்டையின் பெயரைத் தாங்கிய 'லைட்ஸ் ஆஃப் பர்கண்டி' தொகுப்பு 1986இல் கனடிய இசைத்துறையின் ஜூனோ விருது பெற்றது. அவருடைய நைஜீரியப் பயணத்தைக் கனடியத் தேசியத் திரைப்பட வாரியம் ஆவணப்படமாக்கியது. மெக்கில் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1990இல் மான்ட்ரியல் ஜாஸ் விழாவின் ஆஸ்கர் பீட்டர்சன் பரிசு, 1993இல் ஆர்டர் ஆஃப் கனடா, 2005இல் தலைமை ஆளுநரின் நிகழ்கலை விருது ஆகியவை வந்தன.

2000த்தின் தொடக்கத்தில் ஓய்வை அறிவித்தார். அது நிலைக்கவில்லை. மான்ட்ரியல் ஜாஸ் விழாவின் இருபத்தைந்தாம் ஆண்டான 2004இல் ஆஸ்கர் பீட்டர்சனுடன் ஒரே மேடையில் தோன்றினார்; பிறகு மீண்டும் பதிவுகளும் பயணங்களும் தொடர்ந்தன. பீட்டர்சன் மறைந்தபின், தொண்ணூறு வயதை ஒட்டியிருந்த பியானோ கலைஞர் ஹேங்க் ஜோன்ஸுடன் சேர்ந்து பதிவுசெய்த 'பிளீஸ்ட் டு மீட் யூ' 2009இல் வெளியானது. ஹேங்க், பாப்டிஸ்ட் சபையின் டீக்கன் ஒருவரின் மகன். பெயர் ஒன்றே தவிர இருவரும் உறவினர் அல்லர். 2016இல் ஆலிவர் இரண்டாம் முறையாக ஓய்வை அறிவித்தார்.