தளர்ந்த தந்தி, காய்ச்சிய பறை

ஆஸ்திரேலியாவின் சுயாதீன ஸ்டோனர் ராக் குழு ஒன்று புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டால், கேட்பவர்களின் வாயில் முதலில் வரும் சொல் ‘கனம்’ என்பதாகவே இருக்கும். வேகம் குறைவு. கிதாரின் சுருதி வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. ஒரே இசைத்தொடர் பத்து நிமிடம்வரை திரும்பத் திரும்ப வரும். கஞ்சா மயக்கத்தில் இருப்பவரைக் குறிக்கும் கொச்சைச் சொல்லிலிருந்து பெயர் பெற்றதால், இதைச் சோம்பலின் இசை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் நாம் போய் நிற்பது ஒரு தகடு வெட்டும் ஆலையின் வாசலில். அதே ஊர்ப்பக்கத்திலிருந்து புறப்பட்ட இன்னொரு பாதை நம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் வந்து முடிகிறது. அவ்விரு பாதைகளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் பாதை இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்குகிறது. ஆண்டு 1965. டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞர் தகட்டு ஆலையில் பற்றவைக்கும் வேலை செய்துவந்தார். கிதார் வாசிப்பதையே தொழிலாகக் கொள்ள முடிவுசெய்து, வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாள் அது. அழுத்து இயந்திரத்தை இயக்குபவர் அன்று வராததால் இவரை அங்கே நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளும் போயின. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான்.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆலையின் மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். 1928-இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கிதார் வாசித்துப் பெயர் பெற்றவர் ரைன்ஹார்ட். அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் பழைய தோல் சட்டையின் துண்டை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடிப் பிடித்தார். 1971-இல் வெளிவந்த பிளாக் சாபத் குழுவின் மூன்றாம் தொகுப்பான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யின் பல பாடல்களில் தந்திகளை மூன்று அரைச்சுரங்கள் தளர்த்தினார். தளர்ந்த தந்தியை அழுத்த வலு குறைவாகப் போதும். அது அகலமாக அதிரும், ஒலி தாழும், தாழ்ந்த ஒலி பெரிதாகக் கேட்கும். விரலின் தேவையும் பெரிய ஒலியின் மேலிருந்த ஆசையும் ஒன்றுசேர்ந்த இடம் இது. அந்தத் தொகுப்பின் முதல் பாடல் கஞ்சாவைப் பற்றியது. பிற்கால ஸ்டோனர் ராக்கின் பெயர், சுருதி இரண்டுக்குமே வித்து இந்த ஒரே தட்டில் இருக்கிறது.

குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் கருவி செய்யும் தொழிலாளியின் மகன். தாயார் லூகாஸ் ஆலையில் வேலை பார்த்தவர். மகனும் அங்கே சிறிது காலம் கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்த்தார். நால்வரும் ஆஸ்டன் வட்டாரத்துப் பிள்ளைகள். 2025 ஜூலை 5 அன்று அதே ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் இறுதியாக மேடையேறினார்கள். பதினேழு நாட்களில் ஓஸி மறைந்தார்.

அந்த ஒலி கலிபோர்னியப் பாலைவனத்துக்குப் போய் 1990களின் தொடக்கத்தில் கயஸ் போன்ற குழுக்களின் கையில் ஸ்டோனர் ராக் ஆயிற்று. ஆஸ்திரேலியாவுக்கு அது அதற்கும் முன்பே போய்விட்டது. சிட்னியின் பஃபலோ குழு 1973-இல் வெளியிட்ட ‘வால்கானிக் ராக்’ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாக இன்று கருதப்படுகிறது. நம் நோக்கத்துக்கு இன்னும் முக்கியமானது, 1990-இல் வுலங்காங் நகரில் தோன்றிய டம்பிள்வீட் குழு. வுலங்காங் எஃகு நகரம். பக்கத்துப் போர்ட் கெம்ப்ளாவின் உருக்காலைக்கு இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த புலம்பெயர்ந்தோர் விடுதிகளில் தங்கி வேலை செய்தார்கள். பிறகு வீடு கட்டினார்கள், பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கு அனுப்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் எஃகுத் தொழிலில் வந்த நெருக்கடியில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அதன் பிறகு அந்த ஊரில் இளைஞர்களாக இருந்தவர்கள்தாம் டம்பிள்வீட் குழுவினர். சிட்னியின் சிறு சுயாதீன நிறுவனமான வாட்டர்ஃப்ரண்ட் வெளியிட்ட அவர்களது தட்டுகளில் உருக்காலை பாடுபொருள் அன்று. ஆனால் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று ஊரைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

*

இரண்டாம் பாதை பர்மிங்காமுக்குச் சற்றுத் தெற்கே உள்ள ரெட்டிச்சில் தொடங்குகிறது. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் தாய் ஆலை அங்கேதான் இருந்தது. இந்திய இராணுவத்தின் தேவைக்காக 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் ஓடத் தொடங்கியது. பிளாக் சாபத்தின் முதல் தட்டு வந்த 1970-இல் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நின்றுபோனது. சென்னையில் தொடர்ந்தது. 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. ஓஸி ஹாரனுக்குச் சுருதி சேர்த்த லூகாஸ் நிறுவனமும் 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையின் பாடிக்கு வந்துவிட்டிருந்தது.

ஆக, பர்மிங்காம் வட்டாரத்தின் எந்திரம் நம்மிடம் வந்தது. தகடு வந்தது, அழுத்து இயந்திரம் வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் என்று அடுத்தடுத்து உற்பத்தி தொடங்கியது. ஆஸ்டன் என்றதும் உலகத்துக்கு ஓர் ஓசை நினைவுக்கு வருகிறது. ஒரகடம் என்றால் நமக்கே சில நிறுவனங்களின் பெயர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. இது ஏன் என்பதே நம் கேள்வி.

இசையார்வம் இல்லாததால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காரணம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு குழு அமைய நான்கு பேர் ஒரே மாலையில் ஓய்வாக இருக்க வேண்டும். ஷிஃப்ட் மாறிமாறி வரும் வேலையில் அதுவே அரிது. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கமும் ஓர் அறையும் வேண்டும். பல பேர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அறையில் அதற்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த ஆண்டும் இதே ஊரில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒப்பந்தத்திலும் பயிற்சிப் பணியிலும் இருப்பவர்களிடம் அந்த உறுதி இல்லை. நோக்கியா ஆலையே எட்டு ஆண்டுகளில், 2014 நவம்பரில், நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் பெண்கள் நெடுஞ்சாலையை மறிக்க நேர்ந்த பகுதிக்கு அது தேவையான ஒன்றே. இருந்தாலும் விடுதியில் பிள்ளைகள் வளர்வதில்லை. வுலங்காங்கில் விடுதி ஒரு தொடக்கமாக இருந்தது. இங்கே பலருக்கு அது வந்துபோகும் இடமாகவே நின்றுவிடுகிறது.

இதே நெடுஞ்சாலையின் மறுமுனையான பெங்களூரில் ஸ்டோனர் இசைக்கு ஒரு குழு உண்டு. பெவார் சீ என்று பெயர். முதல் தொகுப்பைத் தாங்களே 2012-இல் வெளியிட்டார்கள். கன்னட வசைச்சொல் ஒன்றை ஆங்கிலம்போல் உடைத்து எழுதிய வேடிக்கைப் பெயர் அது. அச்சொல்லின் வேர் உருது. வாரிசு அற்றவன் என்பது பொருள். கேலிக்கு வைத்த பெயர்தான் என்றாலும், தொழில் நகரத்து இசையைப் பற்றி யோசிக்கும் நமக்கு அந்தச் சொல் வேறொன்றைச் சொல்கிறது. ஆஸ்டனிலும் வுலங்காங்கிலும் அந்த ஒலியைச் செய்தவர்கள் ஆலையின் முதல் தலைமுறையினர் அல்லர், வாரிசுகள்.

*

ஒரகடத்துக்குத் தளர்ந்த தந்தியே வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கனத்த ஓசை இந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. பறை இருக்கிறது. சருகையும் வைக்கோலையும் கொளுத்தி அதன்முன் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றுவார்கள். குளிர்ந்தால் மறுபடி காய்ச்சுவார்கள். அயோமி இறுக்கத்தைத் தளர்த்திக் கனத்தைக் கண்டார். பறைக்கலைஞர் தளர்ச்சியை நெருப்பில் இறுக்கிக் கண்டார். ஆனால் அந்தக் கனத்தின் மேல் சாதி விதித்த கட்டாயமும் ஏறியிருந்தது. சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்ற இழிவை மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்களும் உண்டு. உரிமையின் கருவியாக மறுபடி கையில் எடுத்தவர்களும் உண்டு.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அந்த மேடையில் கானாவும் பறையும் மின்கிதாரும் ஒன்றாக நின்றன. அதற்குச் சுமார் இரண்டரை ஆண்டுகள் முன்பு, 2015 ஜூலையில், கொடைக்கானல் பாதரச ஆலைத் தொழிலாளர்களுக்காக சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் உலகெங்கும் பரவியது. 2001-இலேயே மூடப்பட்ட ஆலை அது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்தின் பயன் அது. பாடல் அதன் கடைசி உந்துதல்களுள் ஒன்று. ஆலையைப் பற்றிய கனத்த ஓசை தமிழில் எழ முடியும், எழுந்தால் கேட்கப்படும் என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்று.

அயோமியின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘அந்த விபத்து நடந்திராவிட்டால்’ என்று முடிப்பார்கள். அப்படி முடிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தோடு இணைந்து, ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இடம்பெற்ற பட்டியல் ஒன்று உண்டு. உழைப்பாளியின் சம்பாதிக்கும் திறனில் ஒவ்வொரு விரலுக்கும் எவ்வளவு என்று அது சொல்கிறது. ஆட்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம். நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. எலும்பு சேதமின்றி நுனி மட்டும் போனால் நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 2. ஒரு கணு போனால் 7-உம் 5-உம். அயோமி இழந்தது இந்தக் கணக்கில் 12 சதவீதத்தைத் தாண்டாது. அழுத்து இயந்திரங்களில் விரல் இழந்த மற்றவர்களுக்குக் கிடைத்தது இந்தச் சதவீதம் மட்டுமே, அதுவும் போராடியவர்களுக்கு. அவர்களில் எத்தனை பேர் நாதஸ்வரத்தின் துளைகளை மூடியவர்கள், தவிலுக்கு விரற்கூடு அணிந்தவர்கள், சிண்டுக்குச்சி பிடித்தவர்கள் என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டவற்றுள் முதன்மையானது சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் அவர்களது சங்கம் பதிவு பெற்றது. சங்கம் வைப்பது, ஓரிடத்தில் நிலைத்து நிற்கப்போகிறோம் என்று அறிவிப்பது. வீடு, பள்ளி, மாலை நேரம், பிறகு பாட்டு என்று மற்றவை அதன்பின் வர வேண்டியவை. ஆஸ்திரேலியாவிலிருந்து அடுத்த கனத்த தட்டு வரும்போது நண்பர்கள் விரும்பிக் கேட்கட்டும், நாமும் கேட்போம். ஒரகடத்துக்காரர்களின் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஓசை வாய்க்குமானால், அதற்காக எவருடைய விரலும் போயிருக்க வேண்டியதில்லை.