குண்டு விழுந்த தூரமும் கடலூரில் கண்மூடிய கணித அறிஞரும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிய கதை கடலூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். 1690-இல், அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து வாங்கினார்கள். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே யேல். நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பிவைத்தார்கள். எவ்வளவு தூரம் போகும் என்பது மருந்து கெட்டிப்பவனின் கைத்திறமையில் இருக்கிறது என்ற கணக்கும் அவர்களுக்கு இருந்தது. அப்படி எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது.

அந்தக் கைத்திறமை என்பது என்ன? எவ்வளவு மருந்துக்குக் குண்டு எவ்வளவு வேகம் எடுக்கும்? ஒரே மாதிரி கெட்டித்தாலும் குண்டு ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை? 1690-இல் இதை அளந்து சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. பிற்பாடு அளந்து சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் இறந்தது இதே கோட்டையில்தான். கடலூர் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தில் பாத் நகரில் ஓர் எளிய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கைப் பெரும்பாலும் தானே படித்துக்கொண்டவர். இருபது வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்களைப் பற்றிச் சிறிய புத்தகம் ஒன்று வெளியிட்டார். அதில்தான் அந்த ஊசல் வருகிறது.

எட்டாம் வகுப்பில் ஊஞ்சலை வைத்து ஊசல் நடத்தியது நினைவிருக்கிறதா? ராபின்ஸ் செய்ததும் ஊஞ்சல்தான். மூன்று கால் நட்டு, அதிலிருந்து ஓர் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, அதில் கனமான மரக்கட்டையைப் பொருத்தினார். ஊசலின் மொத்த எடை சுமார் 56 பவுண்டு. குண்டோ ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. குண்டு கட்டையில் புதைந்ததும் ஊசல் பின்னுக்கு ஆடும். எவ்வளவு ஆடியது என்பதைக் கீழே கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்து அளப்பார். மீதி உந்தம் மாறாக் கோட்பாடு பார்த்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் குண்டின் வேகத்தை மரக்கட்டை, நாடா, பேனா மூன்றையும் வைத்துக் கண்டுபிடித்த மனிதர்! நொடிக்கு 1,600 அடிக்கு மேல் என்று விடை வந்தது.

அடுத்த விடை இன்னும் பெரிது. நொடிக்கு 1,700 அடி வேகத்தில் சாய்த்துச் சுட்டால், காற்றுத் தடை இல்லை என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி குண்டு சுமார் 17 மைல் போக வேண்டும். நிஜத்தில் அரை மைல்கூடப் போவதில்லை. காற்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதுவரை பீரங்கிக்காரர்கள் வைத்திருந்த பரவளைய அட்டவணைகள் வேகமான குண்டுக்கு உதவாது என்று ஆகிவிட்டது. மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745-இல் இந்தப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூல நூலைவிடப் பல மடங்கு நீளமாக விளக்கம் எழுதினார். இளம் நெப்போலியனும் இதைப் படித்துக் குறிப்பெடுத்தவர்.

சரி, குறி ஏன் தவறுகிறது? நாட்டுத் துப்பாக்கியில் மருந்து போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழாயின் வாய் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போக வேண்டும். அதனால் குண்டு குழாயைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும். வெடித்ததும் அது குழாயின் ஏதோ ஒரு பக்கத்தில் உரசிக்கொண்டு, கண்டபடி சுழன்றபடி வெளியே வரும். மருந்து ஈரம் குடித்திருந்தால் வேகமும் மாறும், அதையும் ராபின்ஸ் கவனித்திருக்கிறார். ஆனால் மருந்தை எவ்வளவு துல்லியமாகப் போட்டாலும் இந்தச் சுழற்சி குறியைக் கெடுக்கும் என்பதே அவர் வாதம்.

யாரும் நம்பவில்லை. ஒரு துப்பாக்கிக் குழாயின் நுனியில் மூன்று நான்கு அங்குலத்தை இடப்பக்கம் வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்திச் சுட்டார். வளைவில் குண்டு வலப்பக்கச் சுவரில் உரசிச் சுழலும். காகித ஓட்டைகளைப் பார்த்தால், குண்டு முதலில் இடப்பக்கம் போய், அப்புறம் வலப்பக்கம் திரும்பியிருந்தது! சுழற்பந்து காற்றிலேயே நகர்வதைக் கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகள் அறிவீர்கள். அதே விஷயம்தான். நூறு ஆண்டு கழித்து ஆராய்ந்த மேக்னஸ் பெயரில் அதை வழங்குகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சுழற்சிதான் பிரச்சினை என்றால் அதையே மருந்தாக்கலாமே. குழாயின் உட்பக்கம் திருகுபோலக் காடி வெட்டினால், குண்டு போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழலும், பக்கவாட்டில் விலகாது. 1747 ஜூலை 2 அன்று ராயல் சொசைட்டியில் இதை விளக்கினார். காடி வெட்டிய துப்பாக்கி முன்பே இருந்தது. ஏன் குறி தவறவில்லை என்பதைச் சொன்னவர் இவர். குண்டு முட்டை வடிவில் இருந்தால் நல்லது என்றும், இந்தத் துப்பாக்கியை முதலில் முழுதாகக் கையாளும் நாடு மற்றவற்றை மிஞ்சும் என்றும் சொன்னார். படைகள் கேட்க நூறு ஆண்டு ஆயிற்று. 1857 பாடத்தில் கொழுப்புத் தடவிய தோட்டா என்று படித்தோமே, அது காடி வெட்டிய துப்பாக்கிக்கு வந்த தோட்டாதான்.

இன்றும் பல நாடுகளில் போட்டிக்குச் சுடுபவர்கள் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். மருந்தைத் தராசில் நிறுத்து, குண்டுகளை எடைவாரியாகப் பிரித்து, சுட்டு வேகத்தைக் கருவியில் பார்க்கிறார்கள். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறினால் தூரத்து இலக்கில் குண்டு மேலும் கீழுமாகப் படும். கருவி மின்னணு, கேள்வி ராபின்ஸ் கேட்டதுதான்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் கம்பெனிக்குப் பயம் வந்துவிட்டது. கோட்டைகளைப் பலப்படுத்த ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தார்கள். 1750 ஜூலையில் தேவனாம்பட்டினம் வந்து இறங்கினார். அவர் அறிவை மெச்சுகிறேன், வந்த வேலையை மெச்ச என்னால் முடியாது. இங்கத்திய காய்ச்சல் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29 அன்று, 44 வயதில் இறந்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவோடு உயிர் போயிற்று என்கிறார்கள். அடுத்த மாதமே கிளைவ் ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார்.

கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால், அதில் ‘குண்டு கிராமம்’ என்ற சொல் வருகிறதா பாருங்கள். வந்தால் எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள்.