லேப்டாப் நீலத்திரையில் நின்னுடுச்சா? ஃபார்மேட் செய்வதற்கு முன் இந்த 4 வழிகளை முயற்சி பண்ணுங்க!

அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன லேப்டாப் திடீரென நீலத்திரையில் நிற்கிறது. அல்லது வைஃபை காணோம், சவுண்ட் வரவில்லை. கடைக்குக் கொண்டு போனால், "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்ற பதில்தான் பல நேரங்களில் கிடைக்கிறது. பேக்கப் எடுக்காமல் ஃபார்மேட் செய்தால் குடும்ப போட்டோக்கள், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாம் போய்விடும். அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

டிரைவர் என்றால் என்ன?

பிரிண்டர், வைஃபை, கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றை விண்டோஸுடன் பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். பல டிரைவர்கள் விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இயங்குகின்றன. சாதாரண ஆப் பழுதானால் அது மட்டும்தான் மூடும். கெர்னலில் இருக்கும் டிரைவர் தவறினால் மொத்த கம்ப்யூட்டரும் நின்றுவிடும்.

2024 ஜூலை 19-ல் நடந்ததும் இதுதான். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்தியாவில் சில பயணிகளுக்கு போர்டிங் பாஸையே கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குத் தரப்பட்ட தீர்வு ஃபார்மேட் அல்ல. சேஃப் மோடில் நுழைந்து பிழையான ஃபைலை நீக்குவதுதான்!

முதலில் போனை எடுங்க

பல லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கும். பழுது பார்க்கும்போது அது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அந்த கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம் கேளுங்கள். கீ தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் அதை எடுத்துத் தர முடியாது.

வழி 1: பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது என்றால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணக் குறி உள்ள சாதனத்தின் ப்ராப்பர்டீஸில், டிரைவர் பகுதிக்குப் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அது மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் விண்டோஸே டிரைவரை மீண்டும் போட்டுக்கொள்ளும்.

வழி 2: சேஃப் மோடு

விண்டோஸ் திறக்கவே இல்லையா? ஆன் ஆகத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரெகவரி திரை வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் எனப் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்கள் மட்டுமே இயங்கும். அங்கிருந்து முதல் வழியைச் செய்யலாம்.

வழி 3: அப்டேட்டை நீக்குங்கள்

அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்னை வந்தது என்றால் இதை முயற்சி செய்யுங்கள்.

வழி 4: சிஸ்டம் ரீஸ்டோர்

விண்டோஸ் செட்டிங்ஸையும் டிரைவர்களையும் பழைய தேதிக்குக் கொண்டு போகும் வசதி இது. போட்டோ, டாக்குமென்ட் போன்ற உங்கள் ஃபைல்களைத் தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட ஆப்களும் டிரைவர்களும் நீங்கிவிடும். ஆனால், ரீஸ்டோர் பாயிண்ட் முன்பே உருவாகியிருந்தால்தான் இது கைகொடுக்கும்.

எதுவும் பலிக்கவில்லையா?

கடைசியாக 'ரீசெட் திஸ் பிசி'. இதில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் ஃபைல்கள் தங்கும், நீங்கள் போட்ட ஆப்கள் போய்விடும். 'ரிமூவ் எவரிதிங்' என்றால் எல்லாமே போய்விடும். முடிந்தால் முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். கடையில் கொடுத்தாலும், "டேட்டா எடுத்து வெச்சுட்டுத்தானே பண்றீங்க?" என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

இதைச் செய்யாதீங்க

'எல்லா டிரைவரையும் இலவசமாக அப்டேட் செய்கிறோம்' என்று வரும் விளம்பர மென்பொருட்களை நம்ப வேண்டாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை டவுன்லோடு செய்யுங்கள்.

உங்கள் லேப்டாப் இன்று நன்றாக ஓடுகிறதா? ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி, சிஸ்டம் ப்ரொடெக்ஷனை ஆன் செய்து, ஒரு பாயிண்ட் உருவாக்கி வையுங்கள். சில நிமிட வேலைதான்.