ஏர் எடுத்த கைகள்

பம்பாயின் டிராம்பேயில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. பிற்பாடு எஸ்ஸோ என்று பெயர் மாறிய ஸ்டான்வாக் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 1954இல் அங்கே ஓடத் தொடங்கியது. பக்கத்து மாஹுலில் பர்மா-ஷெல் ஆலை 1955இல் வந்தது. பெட்ரோலும் டீசலும் அங்கிருந்துதான் டேங்கர் டேங்கராக வெளியே போயின. ஆனால் அந்த வட்டாரத்து மெக்கானிக்குகள் நாள்தோறும் கையாண்ட ஓர் 'ஆயிலில்' மட்டும் இந்தப் பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. பெயர்தான் பிரேக் ஆயில். நிலத்தடி எண்ணெய்க்கும் அதற்கும் ஆகவே ஆகாது.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அங்கே நிறையப் பேருக்கு இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை பக்கத்துக் குர்லாவில் இருந்தது. 1950களில் அது ஃபியட் 1100 கார்களைச் செய்ய ஆரம்பித்தது. 1964இல் 'டிலைட்' வந்தது. 1970களில் அதே கார் பிரீமியர் பத்மினி ஆனது. கல்கத்தா அம்பாசடரை டாக்ஸியாக்கியபோது பம்பாய் ஃபியட்டை எடுத்துக்கொண்டது. கறுப்பு மஞ்சள் பூசிய அந்தச் சின்ன வண்டி செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று ஓயாமல் ஓடியது. ஓடுகிற வண்டி ஓரிடத்தில் நிற்கவும் வேண்டுமே.

நிறுத்தும் வேலையைச் செய்தது திரவம். மூடிய குழாயில் இருக்கும் திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் கண்டிருந்தார். அதைக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகும் வழியை அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் உருவாக்கினார். 1921இல் டூசன்பெர்க் காரில் அது ஏறியது. பழைய பிரேக் திரவங்களில் பலவும் விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து செய்தவை. கிளைகால் வகைத் திரவங்கள் அவற்றின் இடத்துக்குப் பின்னால் வந்தன.

திரவம் எளிதில் சுருங்காது. காற்று சுருங்கும். 'பெடல் பஞ்சு மாதிரி போகுது' என்று டிரைவர் சொல்லும் புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான். குழாயில் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். கால் கீழே போகும், வண்டி நிற்காது.

ஃபியட்டின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். அதில் பெடலின் ஒவ்வொரு குணமும் ஒவ்வொரு பாகத்தைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று முறை பம்ப் அடித்ததும் பெடல் மேலே வந்து, ஆனாலும் மெத்தென்று இருந்தால், காற்று. பம்ப் அடித்ததும் கெட்டியாக நின்றால், தேய்ந்த ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது, அதை அட்ஜஸ்ட் செய்தால் போதும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், எங்கும் ஒழுக்கும் இல்லை என்றால், பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் உட்புறம் ஈரம் கசிந்தால் கோளாறு ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில். மிதிக்கும்போது ஹோஸ் பைப் உப்பினால் அதையே மாற்ற வேண்டும். மழைத் தண்ணீரில் ஓடிய வண்டி நிற்க மறுத்து, பெடல் மட்டும் கெட்டியாக இருந்தால் டிரம்முக்குள் ஈரம் ஏறியிருக்கும். அதற்குக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து, பயனில்லை.

மும்பையின் பருவமழைக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. கிளைகால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 தரத்துப் புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். லோனாவளாவிலிருந்து கண்டாலா மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியில் அந்தச் சூடு எட்டாத ஒன்றல்ல. திரவம் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். மலையடிவாரத்தில் பஞ்சாக இருந்த பெடல் ஆறியதும் சரியாகிவிடும். ஆனாலும் பழைய ஆயிலை முழுக்க மாற்றாமல் அந்த வண்டியை நம்பி மறுபடி மலையேறக் கூடாது.

மாஹுல் எண்ணெய்க்கு இதில் ஏன் இடமில்லை? பிரேக்கின் ரப்பர் கப்புகள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். இன்ஜின் ஆயிலைத் தவறுதலாக ஊற்றினாலும் சரி, சிலிண்டரைப் பெட்ரோலால் கழுவினாலும் சரி, கெடுதி ஒன்றுதான். அதனால் நல்ல பட்டறைகளில் பாகங்களைப் பிரேக் ஆயிலாலேயே கழுவினார்கள்.

ஏர் எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் டிரைவர் இருக்கையில், இன்னொருவர் சக்கரத்தடியில். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வலப்பக்கம் ஸ்டீயரிங் இருக்கும் நம் கார்களில் பெரும்பாலும் அது பின் இடது சக்கரம். காற்றை வெளியே விடும் நிப்பிளில் ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் முக்குவார்கள். "அமுக்கு... அமுக்கு... புடி!" என்று கீழிருந்து குரல் வரும். பெடல் பிடித்தபடி நிற்கும்போது நிப்பிள் திறக்கும், புட்டியில் குமிழி எழும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு!" சொல்ல வேண்டும். முன்னாலேயே காலை எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும். மேலே டப்பாவில் ஆயில் வற்றினாலும் அதே கதி. வேலை கற்க வந்த பையனுக்கு முதலில் கிடைப்பது பெடல் மிதிக்கும் இடம். குமிழி நிற்க நிற்கப் பெடல் கெட்டிப்படுவதை அவன் காலாலேயே உணர்வான். எந்தப் பாடநூலும் அதை அவனுக்குத் தந்திருக்க முடியாது.

இந்தக் கதையில் சென்னைக்கும் இடமுண்டு. 1962இல் டி.வி.எஸ். குழுமம் பிரிட்டனின் கர்லிங் நிறுவனத்துடன் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. பாடியில் அதன் ஆலை எழுந்தது. அதே ஆண்டு, அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் லாரிகளுக்கான ஏர் பிரேக் செய்யப் பிறந்தது. ஒன்றின் குழாயில் காற்று நுழையவே கூடாது, மற்றதன் குழாயில் காற்று இல்லாவிட்டால் வேலையே நடக்காது. மாஹுல் சாலையில் கனத்த டேங்கர்கள் காற்றின் பலத்தில் நிற்க, பக்கத்திலேயே கார் மெக்கானிக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதை இன்றும் காணலாம்.

அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்றுதான். எங்காவது பெரிய ஒழுக்கு விழுந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். பஞ்சுப் பெடலைப் பெரிய மெக்கானிக்குகள் ஒரு நாளும் அலட்சியப்படுத்தாததற்கு அதுவே காரணம். பின்னால் இரட்டைச் சுற்று வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது.

பத்மினியின் தயாரிப்பு அதற்கு வெகு முன்பே நின்றுபோயிருந்தது. கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. டாக்ஸிக்கு 20 ஆண்டு வயது வரம்பு என்பதால், 2023 அக்டோபர் முடிவில் அதுவும் விடைபெற்றது. இன்றைய காரில் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று சிக்கினால் புட்டியும் குழாயும் போதாது. ஸ்கேனரை மாட்டி, பெட்டிக்குள்ளிருக்கும் பம்பை ஓடவிட்டுத்தான் அதை வெளியேற்ற வேண்டியிருக்கும். அதெல்லாம் முடிந்த பிறகும், வண்டியைத் திருப்பித் தருமுன் ஒருவர் இருக்கையில் ஏறி உட்காருகிறார். பெடலை மிதித்து, சில நொடி அப்படியே பிடித்து, அது இறங்குகிறதா என்று பார்க்கிறார்.