ஆணி டயர் போன கதை

ஸ்னோபோர்டு விளையாட மலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத்தான் தேடுவார்கள். ஆனால் அது வண்டி நகரத்தான் உதவும். பனியில் வண்டியை நிறுத்துவது டயரின் வேலை.

1934-ல் பின்லாந்து நிறுவனம் ஒன்று (இன்றைய நோக்கியன் டயர்ஸ்) லாரிகளுக்காக முதல் பனிக்கால டயரைத் தயாரித்தது. 1936-ல் கார்களுக்கும் வந்தது. பின்னாளில் டயரில் உலோக ஆணிகளைப் பதித்தார்கள். பனிக்கட்டியில் அருமையான பிடிப்பு!

சிக்கல் ஜப்பானில் பெரிதாக வெடித்தது. சென்டாய் நகரில் பனி குறைவு. வெறும் தார்ச்சாலையை ஆணிகள் அரைத்துத் தூளாக்கின. 1980-களின் தொடக்கத்தில் ஊரெல்லாம் தூசி. நுரையீரல் கெடுமே என்று மக்கள் குரல் எழுப்பினார்கள். 1990-ல் சட்டம் வந்தது: குறிப்பிட்ட பகுதிகளில், பனியில்லாத சாலையில் ஆணி டயர் ஓட்டக் கூடாது.

மாற்று என்ன? குளிரிலும் இறுகாத மென்மையான ரப்பர், அதில் நுண்ணிய வெட்டுகள். பனிக்கட்டி வழுக்குவதற்குக் காரணம் அதன் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலம். 1988-ல் பிரிட்ஜ்ஸ்டோன் வெளியிட்ட பிளிசாக் டயரின் ரப்பரில் இருந்த நுண்துளைகள் அந்த நீரை அகற்றின.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஆணி டயர் போனபின் சப்போரோ சாலைகள் கண்ணாடியாய் வழுக்கின. நடந்து போகிறவர்கள் விழுந்தார்கள். இருந்தும் ஜப்பான் பழைய டயருக்குத் திரும்பவில்லை. இன்று நிசேகோ மலைக்குப் போகும் கார்களும் பெரும்பாலும் ஆணியில்லாத டயரில்தான் ஓடுகின்றன.